என் கடைக்கு இரண்டு புள்ளிகள்

மதிப்பிற்குரிய புவியியல் பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பை தைத்து ஜிப் மாட்டும் கடை வைத்திருப்பவனும், தங்கள் வகுப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண்ணைப் பெற்றவனுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் உடல்நலமும், தங்கள் மேசைமேல் இருக்கும் உலக உருண்டையும் தடங்கலின்றிச் சுழல வேண்டுகிறேன். நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் தங்களுக்காக வரையும் எங்கள் தெருவின் படத்தில் என் கடைக்கு இரண்டு புள்ளிகள் வைத்தாக வேண்டும். நியாயத்தைக் கேளுங்கள்.

போன மாதம் அவள் நோட்டும் பென்சிலுமாகத் தெருவில் இறங்கி, எந்தக் கடைக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணினாள். தாங்கள் கொடுத்த வேலை என்று தெரிந்ததும் நான் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் படத்தை விரித்தாள். பத்துப் பேருக்கு ஒரு புள்ளியாம். நாலு கடை தள்ளியிருக்கும் பால்கடைக்குப் பதினொரு புள்ளி, எறும்பு மொய்த்த மாதிரி. மருந்துக்கடைக்கு ஆறு. என் கடை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காகிதம். "என்னம்மா, அப்பாவைக் காணோமே?" என்றேன். "ஏழு பேர்தாம்பா வந்தாங்க. பத்துக்குக் கீழ இருந்தா புள்ளி கிடையாது." "மூணு பேருக்காகவா இப்படி? பெத்த அப்பன்டி நான்!" "அப்பாவுக்குன்னு தனிப் புவியியலா இருக்கு?" என்று பென்சில் சீவப் போய்விட்டாள். இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஆளே இல்லை என்று ஒரு காகிதம் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பால்கடைக்காரர் வேறு எட்டிப் பார்த்து, "அண்ணே, உங்களை ரப்பர் வெச்சு அழிச்சிட்டாங்களா?" என்றார்.

அன்றைக்கே அவளுடைய பாடப்புத்தகத்தைக் கைப்பற்றினேன். அம்மா, என்ன புத்தகம் அது! தினமும் வேண்டியது கீழ்நிலைச் சேவை, அதற்கு அக்கம்பக்கத்து ஜனம் போதும்; எப்போதாவது வேண்டியது மேல்நிலைச் சேவை, அதற்குத் தூரத்திலிருந்தும் ஆள் வர வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. பால் தினமும் வேண்டும். ஜிப் எப்போதாவதுதான் பிய்யும். ஆக, அவர் கீழ்நிலை, நான் மேல்நிலை. ஓடிப்போய்ச் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம் அண்ணே. மேல்நிலைக்குப் புள்ளி எத்தனை?" என்று கேட்டுக்கொண்டே பாலை ஊற்றினார். தூரத்திலிருந்து ஆள்தானே வர வேண்டும், வரவழைத்தால் போயிற்று என்று என் மைத்துனருக்குப் போன் போட்டேன். பாவம், இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே பையும் கையுமாக வந்து சேர்ந்தார். என் மனைவியும் தன் கைப்பையோடு வந்து அவர் பின்னால் வரிசையில் நின்றாள். மறுபடி எண்ண உட்கார்ந்திருந்த மகள் நோட்டிலிருந்து தலை தூக்கி, "அம்மா, நீங்க வாடிக்கையாளர் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்றாள். பிறகு, "மாமா, இந்த ஜிப் தானா பிஞ்சுதா?" என்று கேட்டாள். மைத்துனர் பொய் சொல்லிப் பழகாதவர். "உங்கப்பாதாம்மா பிச்சிட்டு வரச் சொன்னார்" என்று போட்டு உடைத்துவிட்டார். இரண்டு பேரையும் நோட்டில் கோடு போட்டு அடித்தாள்.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது. "எழுந்து வாங்கப்பா" என்று என்னைப் பஸ் நிறுத்தத்துக்கு அழைத்துப்போய், "இங்க நின்னு நம்ம கடையைப் பாருங்க" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் என் கடையை நான் எதிர்ப்புறமிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. ரோடு, ரோட்டுக்கு அப்பால் சாக்கடை, சாக்கடைக்கு அப்பால் நான். தாண்டுவதற்குக் கல் போட்டிருப்பது பால்கடை வாசலில் மட்டும். "தூரம் நாப்பது அடிதாம்பா. ஆனா அணுகல் இல்ல. பிஞ்ச பையைத் தூக்கிட்டு யாரு சுத்தி வருவாங்க?" என்றாள். அவ்வளவுதான். நேரே வீட்டுக்குப் போய்ச் சாமான் அறைக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்து சாக்கடைமேல் போட்டேன். ("இனிமே அந்த அறைக்குள்ள நுழையுற பூனைக்கு யாரு பதில் சொல்றது?" என்று மனைவி கேட்கிறாள். அணுகல் பூனைக்கும் பொதுதானே.) கதவுக்கு இந்தப் பக்கம் நிழலில் ஒரு பெஞ்சும் போட்டேன், அது ஈர்ப்புக் காரணி. மறுநாள் பாருங்கள் அம்மா, சக்கரம் கழன்ற பெட்டியோடு ஒரு நர்ஸ், வாத்தியக் கருவி உறையோடு ஒரு பெரியவர், மூன்று பள்ளிப் பைகளோடு ஒரு தாய், கூடாரத்தையே சுருட்டிக்கொண்டு இரண்டு பேர், வரவர எனக்கு நூல் கோக்க நேரமில்லை! மகள் கறாராகத்தான் எண்ணினாள். சும்மா கதவைத் தாண்டிப் பால்கடைக்குப் போனவர்களைச் சேர்க்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து கால் நீட்டியவர்களையும் சேர்க்கவில்லை. அப்படியும் இருபத்து மூன்று பேர். பத்துக்கு ஒன்று வீதம் இரண்டு புள்ளி, போக மூன்று பேர் மிச்சம். அந்த மூன்று பேரைத் தங்கள் துறைக்கே விட்டுக்கொடுக்கிறேன்.

ஜெயித்தவன் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவான், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் பாடத்துக்குக் கோடி நன்றி. தங்கள் வீட்டுப் பைகளின் ஜிப்பெல்லாம் மாட்டாமல் சிக்காமல் ஓட வாழ்த்துகிறேன். ஓடாத நாளில் வழி தேட வேண்டாம், படத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் மாணவியின் அப்பா,
மேல்நிலைச் சேவை.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மகள் கல்லூரியிலிருந்து வந்தாள். சின்னத் தாளில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன, அதனால் ஒரு புள்ளிக்கு ஐம்பது பேர் என்று மாற்றச் சொல்லிவிட்டீர்களாமே. பால்கடைக்கு இரண்டு புள்ளி. எனக்கு மறுபடியும் வெறும் காகிதம். ஆகவே மேலே எழுதிய நன்றி, வாழ்த்து, ஜிப் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் புதுப் படத்தை விரித்தாள். என் கடைமேல் ஒரு சிவப்பு நட்சத்திரம். "இது என்னம்மா?" "ஓரத்துல குறிவிளக்கம் இருக்கு, படிங்க." படித்தேன். 'நட்சத்திரம்: அளவீடு தொடங்கிய இடம். எல்லாத் தூரங்களும் இங்கிருந்து அளக்கப்பட்டவை.' "எங்கேருந்தாவது ஆரம்பிக்கணும்ல" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அம்மா, திரும்பப் பெற்றதையெல்லாம் திரும்பத் தருகிறேன். எழுத்து கலைந்திருந்தால் மன்னிக்கவும், கண் கலங்கிவிட்டது. இப்போது எனக்கு அவசரமாக ஒரு வேலை இருக்கிறது. பால்கடைக்காரர் என் கடையிலிருந்து சரியாக அறுபத்து நாலு அடியில் இருக்கிறார் என்று அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.