ஊதாப் பூ பாதுகாப்புத் திட்டம்

உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு செடி, ஒரே ஒரு மலையின் ஒரே ஒரு பாறைச்சரிவில் வளர்வதைக் கல்லூரித் தாவரவியல் ஆசிரியை ஒருத்தி கண்டுபிடித்தாள். இலை சாம்பல் பச்சை. பூ கடுகளவு. அங்கம் அங்கமாக விவரித்துக் கட்டுரை எழுதினாள். புதிய இனம்தான் என்று அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். எனவே அதைக் காப்பாற்றும் பொறுப்பு வனத்துறை அலுவலகத்தின் தலையில் விழுந்தது.

இயக்குநர் மூச்சிரைக்க மலையேறி வந்து குனிந்து பார்த்தார்.

“பூ எங்கம்மா?”

“இதுதான் சார்.”

“நான் எறும்புன்னு நெனச்சேன். திட்டத்தைத் தொடங்கி வைக்க அமைச்சர் வர்றாரு. அன்னிக்கு மட்டும் கொஞ்சம் பெரிசாப் பூக்குமா?”

பூக்காது என்றாள். ஆகவே, பொதுமக்களிடையே ஆர்வத்தை ஏற்படுத்தும் பொருட்டு, ஓவியர் ஒருவர் தட்டு அகலத்துக்கு ஓர் ஊதாப் பூ வரைந்து கொடுத்தார். அது ஊரெங்கும் பற்றிக்கொண்டது. பையில் பூ, சட்டையில் பூ, கைபேசி உறையில் பூ. பூ இல்லாதவர் இயற்கையின் விரோதி என்றே கருதப்பட்டார்.

கூட்டம் மலையேறியது. பூவைக் காணோம். ஏமாற்றிவிட்டார்கள் என்று புகார்கள் குவிந்தன. அலுவலகம் தீர ஆலோசித்து, சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் ஊதாப் பூக்களை நடவும், அவற்றை மறைக்கும் களைகளை அகற்றவும் ஆணையிட்டது.

ஆசிரியை அலறியடித்துக்கொண்டு ஓடினாள். “ஐயோ, நீங்க பிடுங்கறதுதான் சார் அந்தச் செடி!”

மேற்பார்வையாளர் கையிலிருந்த படத்தையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தார். “படத்துல இப்படி இல்லையேம்மா.”

“கண்டுபிடிச்சதே நான்தான் சார். கட்டுரை எழுதியிருக்கேன்.”

“நீங்க எழுதினது கட்டுரை. இது அரசாங்கம் அச்சடிச்சது.”

குப்பைக் குவியலைக் கிளறி, வேரும் மண்ணுமாக மிஞ்சியிருந்த ஒற்றைச் செடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். மலையடிவார வாசலில் காவலாளி மறித்தார்.

“அரிய செடியா? வெளிய கொண்டுபோனா ஜெயில்தான்.”

வாழ்நாளில் அவள் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். “இல்லீங்க... வெறும் களை.”

“அப்பத் தாராளமாக் கொண்டுபோங்க.”

வீட்டு ஜன்னலோரத் தொட்டியில் அது பிழைத்துக்கொண்டது. மொட்டுகூட விட்டது. அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் கல்லூரியிலிருந்து திரும்பியபோது நாத்தனார் வந்திருந்தாள். தொட்டியில் ஊதாப் பூ ஒன்று விலைச்சீட்டோடு பளபளத்தது.

“என்னமோ களை மொளச்சிருந்துச்சு அண்ணி, பிடுங்கிப் போட்டுட்டேன். இயற்கைய நாம காப்பாத்தலைன்னா வேற யாரு காப்பாத்துவா?”