ஏழு நிறமும் ஒரு வட்ட முத்திரையும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு சில ஆயிரம் ஆண்டுகள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. கடைசியில், செர்பியாவின் யாவோர்கிராத் நகரத்து நீர்வள ஆய்வுக் கழகம், வெள்ள வரைபடத்துக்கு என்ன வண்ணம் பூசுவது என்று முடிவு செய்ய ஏழு பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது. நாகரிகம் அன்றுதான் முழுமை பெற்றது.

இந்த மகத்தான நிகழ்ச்சிக்குக் காரணம் யாஸ்னா. கழகத்தில் வரைபடம் போடுவது அவள் வேலை. பெய்த மழை, மலையில் உருகும் பனி, மேலே ஆற்றின் நீர்மட்டம் எல்லாவற்றையும் கணினிக்குள் போட்டு, எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். அதோடு நின்றிருந்தால் நல்ல பெயர் எடுத்திருப்பாள். பார்க்கிறவர்களுக்குப் புரியவும் வேண்டும் என்று ஆசைப்பட்டாள் பாருங்கள், அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

ஆசைக்குக் காரணம் இருந்தது. அவள் வீடு ஆற்றுத் தெருவில். அப்பா தோதோர் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலோடு கிடப்பவர். எடை நூற்றுப் பத்து கிலோ. அவரை மேட்டுக்குக் கொண்டுபோக நான்கு ஆள் வேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும். தண்ணீர் வருவது தெருவுக்கு நேரத்தோடு புரியாவிட்டால் அவரவர் தலை தப்பினால் போதும் என்று ஓடுவார்கள். கட்டிலைத் தூக்க யார் நிற்பார்கள்?

ஆணையம் கூடியது. ஜன்னல்கள் அத்தனையும் சாத்தப்பட்டன. எதிரெதிர் ஜன்னல் வழியாக வரும் காற்று முதுகில் பட்டால் வராத வியாதி கிடையாது என்பது அந்த ஊரில் பிஎச்.டி. வாங்கியவர்களுக்கும் தெரிந்த அறிவியல். காபிப் புகையிலும் சிகரெட் புகையிலும் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியாத நிலையில், வண்ணங்களைப் பற்றிய விவாதம் தொடங்கியது.

"ஒரே நிறம் போதும்ங்க" என்றாள் யாஸ்னா. "தண்ணி வராத இடம் வெளிறி இருக்கட்டும். தண்ணி ஏற ஏற நிறமும் கறுத்துக்கிட்டே போகட்டும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்."

இயக்குநர் லியூபின்கோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சின்னக் குழந்தைக்குப் புரியற மாதிரி போட்டா, நாங்க எல்லாம் எதுக்கும்மா டாக்டர் பட்டம் வாங்கினோம்?"

"அதில்லைங்க ஐயா. சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பார்க்க முடியாத ஆம்பளைங்க நூத்துல எட்டுப் பேர் இருக்காங்க."

"எனக்கே முடியாது. நான் இயக்குநர் ஆகலையா?"

இதற்குமேல் அறிவியல் பேச இடமில்லை. மேயர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த ரட்டிமிர் எழுந்தார். அவர் எழுந்தால் மற்றவர்கள் கையிலிருக்கும் கோப்பையைக் கீழே வைத்துவிடுவது வழக்கம்.

"நீலம் எங்க கட்சி நிறம்" என்றார். "அது ஆபத்தான இடத்துல வந்தா எதிர்க்கட்சிக்காரன் சும்மா இருப்பானா? தண்ணியே வராத இடத்துக்குக் கருநீலம் போடுங்க."

"ஐயா, தண்ணி வரைபடத்துல நீலம்னா தண்ணி இல்லைன்னு அர்த்தமா?"

"இனிமே அப்படித்தான்."

"அப்போ ரொம்ப ஆபத்தான இடத்துக்கு?"

"கருஞ்சிவப்பு. பக்கத்து ஊர் கால்பந்துக்காரன் சட்டை நிறம் அதானே? அவனுக்கு வேணும்."

ஆறு கூட்டங்கள் இப்படிச் சீரும் சிறப்புமாக நடந்தன. பச்சை ஒருவருக்குப் பிடித்தது, ஆரஞ்சு ஒருவர் மனைவிக்குப் பிடித்தது. ஏழாவது கூட்டத்தில் லியூபின்கோ வரலாற்றுச் சிறப்புமிக்க சமரசத்தை முன்வைத்தார்: உறுப்பினர்கள் ஏழு பேர், வானவில்லிலும் நிறங்கள் ஏழு. ஆளுக்கொன்று. கருநீலத்தில் தொடங்கி, நடுவில் பச்சையும் மஞ்சளுமாக வெளுத்து, கருஞ்சிவப்பில் முடியும். யார் மனமும் புண்படாது. எல்லோரும் கை தட்டினார்கள்.

யாஸ்னா கை தட்டவில்லை. "கறுப்பு வெள்ளையில அச்சடிச்சா ரெண்டு ஓரமும் ஒரே சாம்பலா வந்துடும் ஐயா. காய்ஞ்ச இடம் எது, முழுகற இடம் எதுன்னு தெரியாது."

"இந்தக் காலத்துல யாரும்மா கறுப்பு வெள்ளையில அச்சடிக்கறான்?" என்றார் லியூபின்கோ. அவளுடைய அச்சம் 'அவநம்பிக்கை' என்ற தலைப்பில் குறிப்பேட்டில் ஏற்றப்பட்டது. ஆணையத்தின் அரும்பணியைப் பாராட்டி உறுப்பினர்களுக்கு ஏழு வண்ணக் கரை போட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. சுவரில் மாட்ட ஒன்று, மாமனார் வீட்டுக்கு ஒன்று, கோடை வீட்டுக்கு ஒன்று. அத்தோடு கழகத்தின் வண்ண மை தீர்ந்துபோனது.

ஏப்ரலில் மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு யாஸ்னாவின் கணினி முடிவைச் சொன்னது: பிற்பகல் மூன்று மணிக்கு ஆற்றுத் தெருவில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர், கடைத்தெருவில் முழங்கால் அளவு, தேவாலய மேட்டில் ஒரு சொட்டும் இல்லை. திரையில் ஆற்றுத் தெரு கருஞ்சிவப்பாகத் தகதகத்தது. ஆனால் திரையில் தெரிவது அந்த நாட்டில் செல்லாது. காகிதத்தில் இருக்க வேண்டும். காகிதத்தில் வட்ட முத்திரை இருக்க வேண்டும்.

அச்சு இயந்திரமும் முத்திரையும் செயலாளர் மிலேவாவின் ஆட்சியில் இருந்தன. காகிதம் வெளியே வந்தது. ஆற்றுத் தெரு அடர் சாம்பல். தேவாலய மேடு அதே அடர் சாம்பல். ஓரத்தில் நிறங்களுக்கு விளக்கம் சொல்லும் கட்டங்களும் சாம்பல். மிலேவா அதன்மேல் முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

"அக்கா, வண்ண மை இல்லையா?"

"எழுதிக் கேட்டிருக்கேன் கண்ணு. ஆனா முத்திரையைப் பாரு, எவ்வளவு பளிச்சுனு விழுந்திருக்கு!"

யாஸ்னா ஓடிப்போய் லியூபின்கோவிடம் காட்டினாள். அவர் காகிதத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்கு எப்பவும் போலத்தானேம்மா தெரியுது" என்றார்.

காகிதம் மேயர் அலுவலகம் போனது. அங்கே ரட்டிமிர் அதைப் படித்த முறை குறையில்லாதது. தேவாலய மேடு அடர் சாம்பல். அங்கே தண்ணீர் ஏறியதே இல்லை. விளக்கத்தில் முதல் கட்டமும் அடர் சாம்பல். 'தண்ணீர் இல்லை' என்று போட்டிருக்கிறது. ஆகவே அடர் சாம்பலாக இருக்கும் ஆற்றுத் தெருவும் பத்திரம். கடைத்தெரு மட்டும் வெளிறிக் கிடக்கிறது. கடைத்தெரு மக்களை உடனே ஆற்றுத் தெருப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்த் தங்கவைக்க ஆணை பிறந்தது.

யாஸ்னா தொலைபேசியில் கத்தினாள். "ஐயா, அங்கேதான் முழுகப்போகுது! ஆள் உயரத் தண்ணி!"

"நீ சொல்றதுக்கு முத்திரை இருக்காம்மா?"

"நான்தானே அந்தப் படத்தையே போட்டேன்!"

"அதுக்குத்தான் முத்திரை இருக்கு. இப்ப வாயால சொல்றியே, இதுக்கு எங்கே குத்தறது?" ரட்டிமிருக்கு அவசரம். ஆணையத்தின் வெற்றி விருந்து ஒரு மணிக்கு, ஆற்றங்கரை மீன் உணவகத்தில். அந்த இடமும் அடர் சாம்பல்தான்; முத்திரை குத்திய பாதுகாப்பு.

யாஸ்னா தொலைபேசியை வைத்தாள். அப்பா கட்டிலில் இருக்கிறார். மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தாள். ஊரை வரைந்து, தண்ணீர் வராத இடத்தைத் தொடாமல் விட்டு, கடைத்தெருவில் லேசாகத் தேய்த்து, ஆற்றுத் தெருவில் பென்சில் முனை ஒடியும்வரை அழுத்தித் தேய்த்தாள். ஓட்டமும் நடையுமாகப் போய் ஆற்றுத் தெருவில் புரெக் என்னும் இறைச்சி அப்பம் சுடும் கடையின் கண்ணாடியில் ஒட்டினாள். காலைப் பலகாரத்துக்கு அந்தத் தெருவே அங்கேதான் நிற்கும்.

"என்ன யாஸ்னா இது?" என்றான் கடைக்காரன், மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு.

"எவ்வளவு கறுப்போ அவ்வளவு தண்ணி. மூணு மணிக்கு."

அவன் ஒருமுறைதான் பார்த்தான். "ஐயோ, நம்ம தெரு ஒரே கறுப்பா இருக்கேடி!" என்று அடுப்பை அணைத்தான்.

வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. மூட்டை முடிச்சோடு வந்துகொண்டிருந்த கடைத்தெருக்காரர்களும் கண்ணாடியைப் பார்த்தார்கள். திட்டிக்கொண்டே மேட்டுப் பக்கம் திரும்பினார்கள். தோதோரின் கட்டிலைக் கடைக்காரனும் மூன்று படகோட்டிகளும் தூக்கினார்கள்.

"முன்கதவும் பின்கதவும் திறந்து கிடக்கு!" என்று தோதோர் கூச்சல் போட்டார். "எதிர்க்காத்து பட்டுச் சாகவா என்னைத் தூக்கறீங்க?"

"மூடிட்டா எப்படி மாமா வெளியே போறது?"

மூன்று மணிக்கு ஆறு உள்ளே வந்தது. ஆற்றுத் தெருவில் ஒரு ஆள் இல்லை. மீன் உணவகத்தில் மட்டும் ஏழு பேர் இருந்தார்கள். மீன் சூப்பு முடிந்து மூன்றாவது சுற்று ராக்கியா சாராயத்துக்குக் கோப்பையைத் தூக்கியபோது தண்ணீர் அவர்கள் செருப்பைத் தூக்கியது. மேசைமேல் ஏறி நின்ற ஆணையத்தை, கட்டில் தூக்கிய அதே படகோட்டிகள் வந்து இரண்டு நடையில் மீட்டார்கள்.

விசாரணை நடந்தது. அதிகாரப்பூர்வ வரைபடத்தைப் பின்பற்றிய ஒருவர்கூட உயிரிழக்கவில்லை என்று அறிக்கை பெருமிதத்தோடு பதிவு செய்தது. லியூபின்கோவுக்குப் பதக்கம் கிடைத்தது. யாஸ்னா அழைக்கப்பட்டாள். புரெக் கடைக்காரன் கண்ணாடியிலிருந்து கழற்றி மேட்டுக்கு எடுத்துப்போயிருந்த பென்சில் படம் மேசைமேல் கிடந்தது.

"ஆற்றுத் தெருவை ஏன் அவ்வளவு கறுப்பாகக் காட்டினீர்கள்?" என்று கேட்டார் விசாரணைத் தலைவர்.

"அவ்வளவு தண்ணி வந்துச்சே ஐயா."

"வந்தது இருக்கட்டும். அது வருவதற்கு முன்னால் காட்ட யார் அனுமதி கொடுத்தது? பென்சில் நிறம் ஏழில் எது?"

யாஸ்னாவுக்கு மூன்று மாதம் பணி இடைநீக்கம்.

பாதிக்கப்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் அறிக்கையின் நகல் ஒன்று போக வேண்டும் என்பது விதி. வண்ண மை இன்னும் வந்து சேராததால் எல்லா நகலும் கறுப்பு வெள்ளை. சேறு கழுவிய வீட்டில், மறுபடி போட்ட கட்டிலில் சாய்ந்துகொண்டு, தோதோர் முந்நூறு பக்கங்களையும் பொறுமையாகப் புரட்டினார். பட்டைப் படங்கள், கோட்டுப் படங்கள், ஆணையத்தின் வரைபடம் எல்லாம் ஒரே சாம்பல் குழம்பு. கடைசிக்கு முந்தின பக்கத்தில் நின்றார்.

"ஏம்மா யாஸ்னா, இத்தனை பெரிய புத்தகத்துல இந்த ஒரு பக்கம்தான் எனக்குப் புரியுது. எழுத்துதான் பொடிசா இருக்கு. மேல என்ன போட்டிருக்கான்?"

யாஸ்னா குனிந்து படித்தாள்.

"'குற்றச் சான்று'ன்னு போட்டிருக்கான்பா."