பனிக்குப் பின்னால் ஒரு குழாய்

மலைகளுக்கு மாண்பு உண்டு. அந்த மாண்பு செல்போன் படங்களால் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கிறது. இவ்விரு உண்மைகளும் மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்ட பிறகு, கொடைக்கானலில் 'மலைக்காட்சி மாண்புப் பாதுகாப்பு அலுவலகம்' தொடங்காமல் இருக்க முடியவில்லை.

அலுவலகத்தின் விதி எளிமையானது. காட்சிமுனைகளில் படம் எடுக்கும் எவரும், எடுத்த படத்தை அங்கேயே காட்சிக் காவலரிடம் காட்ட வேண்டும். மேகம், பைன் மரம், புதுமணத் தம்பதி, குதிரையின் முன்பக்கம் ஆகியவை இருந்தால் போகலாம். குப்பை, சாக்கடை, குதிரையின் பின்பக்கம் ஆகியவை இருந்தால் படத்தை அழித்துவிட வேண்டும்.

"குறையை நீக்குறது ரொம்பக் கஷ்டங்க. குறையோட படத்தை நீக்குறது ஒரு விரல் வேலை" என்பார் அலுவலர் நாச்சிமுத்து. அரசு வேலையில் இவ்வளவு தெளிவான சிந்தனை அபூர்வம்.

காட்சியைப் பாதுகாப்பவர்கள் காட்சியைப் பார்க்க வேண்டாமா? அதற்காக அலுவலகம் ஓர் ஓடைக்கு மேலே தனக்கென 'காட்சி மாளிகை' கட்டிக்கொண்டது. மாளிகை என்றால் குளியலறைகள் இருக்கும். குளியலறை என்றால் கழிவு இருக்கும். கழிவு என்றால் குழாய். அந்தக் குழாய் நேராக ஓடையில் இறங்கியது. ஓடை கீழே போய், செல்லப்பாண்டியின் தோட்டத்தில் பாய்ந்தது.

செல்லப்பாண்டி கேரட் விவசாயி. பிடுங்கிய கேரட்டை ஓடையில் அலசி, மூட்டை கட்டி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி ஏற்றுவார். ஒரு நாள் கமிஷன் கடைக்காரர் போனில் கூப்பிட்டார்.

"என்னய்யா கேரட்டு அனுப்பியிருக்கீரு? மூட்டையைப் பிரிச்சா கடையில ஆளு நிக்க முடியல. நல்லா கழுவி அனுப்பக்கூடாதா?"

"கழுவுனதாலதாங்க அப்படி!" என்றார் செல்லப்பாண்டி.

"அப்ப கழுவாம அனுப்பும்."

கழுவாமல் அனுப்பினார். மண்ணோடு வந்ததென்று மூட்டைகள் திரும்பி வந்தன. செல்லப்பாண்டி அலுவலகத்துக்குப் போய்ப் புகார் சொன்னார். நாச்சிமுத்து மிகுந்த மரியாதையுடன் உட்காரச் சொல்லி, "படம் இருக்கா?" என்று கேட்டார். செல்லப்பாண்டி ஓடைக்குப் போய், குழாயைச் செல்போனில் படம் எடுத்தார். பக்கத்தில் நின்ற காட்சிக் காவலர் விக்னேஷ் படத்தைப் பார்த்து, விதிப்படி அழித்தான். செல்லப்பாண்டி திரும்ப அலுவலகம் போனார்.

"படம் இருக்கா?"

"உங்க ஆளு இப்பத்தான் அழிச்சாரு."

"அப்ப படம் இல்ல" என்றார் நாச்சிமுத்து, வருத்தத்தோடு.

இது சில வாரங்கள் நடந்தது. நிறுத்தியது செல்லப்பாண்டியின் மனைவி மகாதேவி.

மகாதேவி பல் டாக்டர். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கிளினிக். ஊரில் பாதி அதிகாரிகள் அவளுக்கு முன்னால் வாய் பிளந்து கிடந்தவர்கள்தான். அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஃபிலிம் கேமரா. அந்தக் காலத்தில் ஒற்றர்கள் வைத்திருந்தது போல விரல் நீளத்தில் ஒன்று வைத்திருந்தாள். உள்ளங்கையில் வைத்து மூடினால் தெரியாது. அதற்குள் ரிப்பன் அகலத்தில் ஃபிலிம். இன்னொன்று, ரேஞ்ச்ஃபைண்டர் என்ற கனமான பழைய வகைக் கேமரா. எடுத்த ஃபிலிமை வீட்டுக் குளியலறையிலேயே கழுவுவாள். ஜன்னலில் கறுப்புத் துணி, கதவிடுக்கில் துண்டு, கொடைக்கானல் குளிரில் மருந்து சில்லிட்டுப் போகாமல் இருக்க வெந்நீர் வாளிக்குள் பாட்டில்கள். அந்த நேரத்தில் செல்லப்பாண்டிக்குக் குளியலறை கிடையாது. கொடியில் அவருடைய பனியனுக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு ஃபிலிம் தொங்கும்.

"ஏங்க, செல்போன் படத்தத்தான அழிப்பாங்க? இதுல அழிக்கிற பட்டனே கிடையாதே" என்றாள் மகாதேவி.

செல்லப்பாண்டி முதல் முறையாக அந்தக் கேமராக்களை மரியாதையோடு பார்த்தார்.

மறுநாள் வெள்ளனே மகாதேவி ஓடைக்குப் போனாள். விரல் கேமராவை எடுத்துக் குழாயை நோக்கி அமுக்கினாள். விக்னேஷ் ஓடி வந்தான்.

"மேடம், படத்தைக் காட்டுங்க."

"காட்ட முடியாதுப்பா. இன்னும் படமே வரல. கழுவுனாத்தான் வரும்."

"அப்ப நீங்க இன்னும் படம் எடுக்கலையா?"

"எடுத்துட்டேன்."

"எடுத்தா காட்டுங்க."

"காட்டுற மாதிரி எடுக்கல."

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரப்படவில்லை. விக்னேஷ் அலுவலருக்குப் போன் செய்தான். நாச்சிமுத்து ஜீப்பில் வந்து இறங்கி, கேமராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இம்புட்டுக்காண்டு டப்பாவுக்குள்ள என்ன இருந்துறப் போகுது?" என்று திறந்தார். ஃபிலிமை நீளமாக உருவி வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"ஒண்ணையும் காணமே?"

"இருந்துச்சு சார். நீங்க பாத்தீங்க, போயிருச்சு. வெளிச்சம் பட்டா அவ்வளவுதான்."

நாச்சிமுத்து வெகுநேரம் யோசித்தார். அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது: 'ஃபிலிம் வகைப் படங்களை அழிக்கும் முறை: அவற்றைப் பார்த்தல்.'

ஆனால் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு சிக்கல் எழுந்தது. பார்த்தால் அழிகிறது என்றால், அழித்தது குறையுள்ள படமா, மேகமும் பைன் மரமும் உள்ள நல்ல படமா என்று எப்படித் தெரியும்? நல்ல காட்சியை அழிப்பது மாண்புக்கு எதிரான குற்றம் அல்லவா? எனவே இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. இனி ஃபிலிம் படங்கள் அலுவலர் குழுவின் நேரடிப் பார்வையில் கழுவப்பட வேண்டும். அப்படிக் கழுவப்பட்ட படம் சான்றளிக்கப்பட்ட ஆதாரமாக ஏற்கப்படும். குழுவின் முன் கழுவப்படாத படம், படமாகவே கருதப்படாது.

மகாதேவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சான்றிதழோட படம் கெடைக்குதுங்க! இனி எப்படி இல்லைன்னு சொல்லுவாங்க?" ரேஞ்ச்ஃபைண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இந்த முறை நாச்சிமுத்துவே ஓடையில் காத்திருந்தார். கேமராவின் ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"என்ன டாக்டரம்மா, ரெண்டு குழாய் தெரியுது?"

"ரெண்டு பிம்பமாத்தான் சார் தெரியும். இந்த வளையத்தைத் திருப்பி ரெண்டையும் ஒண்ணாச் சேத்தாத்தான் படம் தெளிவா விழும்."

"வெரசா சேத்துருங்க" என்றார் நாச்சிமுத்து, நெற்றியைத் துடைத்தபடி. "நாங்க ஒண்ணுதான் போட்டோம். ரெண்டுன்னு பதிவாயிட்டா நான் என்ன பதில் சொல்றது?"

குறித்த நாளில், நல்ல முற்பகலில், குழு மகாதேவியின் வீட்டுக்கு வந்தது. நாச்சிமுத்து, குழாயைப் போட்ட பொறியாளர் ஜெயமுருகன், விக்னேஷ். மூவரும் மகாதேவியோடு குளியலறைக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். ஜெயமுருகனுக்கு வாளிக்குள் நிற்கத்தான் இடம் கிடைத்தது. வெந்நீர் வாளி இல்லை, இன்னொன்று.

"இப்ப விளக்கை அணைப்பேன். ஃபிலிமை உருவி இந்த டப்பாவுக்குள்ள சுத்தி மூடுறவரைக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது" என்றாள் மகாதேவி.

"நாங்க எப்படிப் பாக்குறது?"

"பாக்க முடியாது சார்."

"நேரில் கண்டேன்னு கையெழுத்துப் போடணுமே?"

"நேர்லதான நிக்கிறீங்க?"

அது ஏற்கத்தக்க விளக்கமாகப் பட்டது. விளக்கு அணைந்தது. தன் கை தனக்கே தெரியாத இருட்டு. ஃபிலிம் சரசரவென்று உருவப்படும் சத்தம் மட்டும் கேட்டது. இருட்டில் பேசினால் மற்றவர்களுக்குக் கேட்காது என்று எல்லோருக்கும் தோன்றும் போலிருக்கிறது.

"டாக்டரம்மா" என்று வாளிக்குள்ளிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. "அதுல குழாயோட வாய் தெரியுமா? வேற பக்கமா கொண்டுபோகத்தான் நான் வரைபடம் போட்டேன். அலுவலருதான் கிட்டத்துல விடுன்னுட்டாரு. எம் பேரு வராமப் பாத்துக்கங்க."

கதவுப் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. "அம்மா, நாச்சிமுத்து பேசுறேன். குழாய் அந்தப் பொறியாளரு செஞ்ச வேலை. படம் சரியா விழலேன்னு சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"மேடம், நான் விக்னேஷ்" என்றது மூன்றாவது குரல், மிகவும் தாழ்ந்து. "இவங்க ரெண்டு பேரையும் நம்பாதீங்க."

ஃபிலிம் சுற்றும் சத்தம் தொடர்ந்து கேட்டது.

"படம் எப்படி இருக்கோ அப்படித்தான் வரும்" என்றாள் மகாதேவி. "எங்க தோட்டத்துக் கேரட்டு நாறுது. வேணும்னா நீங்களே ஒண்ணு தின்னு பாருங்க."

அடுத்த கணம் குளியலறை பகல் போல் ஆனது. மூன்று செல்போன்களின் டார்ச் விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிந்தன. மகாதேவியின் கையில் பாதி சுற்றிய ஃபிலிம் பளபளத்தது.

"நேரம் பாத்தேன்" என்றார் நாச்சிமுத்து.

"சிக்னல் இருக்கான்னு பாத்தேன்" என்றார் ஜெயமுருகன்.

மற்றவர்கள் போட்டதால் விக்னேஷும் போட்டிருந்தான்.

மகாதேவியின் கண்ணில் நீர் கோத்தது. "எல்லாம் போச்சு. கிளம்புங்க" என்றாள். ஆனால் கிளம்ப விதி இடம் கொடுக்கவில்லை. தொடங்கிய கழுவுதல் முடிக்கப்பட வேண்டும். அவள் மருந்தை ஊற்றி டப்பாவைக் குலுக்கினாள். தண்ணீர் விட்டு அலசினாள். ஃபிலிம் தார் பூசியது போல முழுக்கக் கறுத்து வெளியே வந்தது. கறுத்த ஃபிலிமை வைத்து அச்சிட்டால் தாளில் ஒன்றும் விழாது. சுத்தமான வெள்ளைத் தாளை அவள் நீட்டினாள்.

நாச்சிமுத்து தாளைப் பயபக்தியோடு வாங்கினார். டார்ச் அடித்ததால் ஃபிலிம் கெட்டது என்று எழுதினால் டார்ச் அடித்தவர் யார் என்ற கேள்வி வரும். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"பனி" என்றார்.

"ஆமாங்க, ஒரே பனி" என்றார் ஜெயமுருகன். "அன்னைக்கு நல்ல பனி."

'கேமராவின் முன் இருந்தது அனைத்தும் இப்படத்தில் உள்ளது உள்ளபடி பதிவாகியுள்ளது என்று நேரில் கண்டு சான்றளிக்கிறோம்' என்று மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று செல்லப்பாண்டி வீட்டுக்கு வந்தபோது மகாதேவி குளியலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்துக்குப் போன தாளின் இன்னொரு பிரதியை அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பி, பின்பக்கத்தையும் பார்த்தார். "விடு மகா" என்று மட்டும் சொன்னார். அவள் விடுவதாக இல்லை.

கோடை விழா வந்தது. புகைப்படக் கண்காட்சிக்கு அலுவலகம் பரிசு அறிவித்திருந்தது. வந்த படங்களில் எல்லாம் ஏதோ ஒரு மூலையில் தண்ணீர் பாட்டிலோ, சிப்ஸ் பாக்கெட்டோ இருந்தது. குறை ஒன்றும் இல்லாத படம் அலுவலகத்தின் கைவசம் ஒன்றுதான் இருந்தது. 'பனி' என்ற தலைப்பில், தங்க நிறச் சட்டத்துக்குள், கீழே மூவரின் சான்றோடும் முதல் பரிசோடும் அது தொங்கியது.

அதற்கு முன்னால்தான் கூட்டம். இப்போது ஃபிலிம் கேமராதான் நாகரிகம் ஆயிற்றே. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பிள்ளைகள் கழுத்தில் பழைய கேமராக்கள் தொங்கின. பலவற்றில் ஃபிலிம் கிடையாது. கேமரா சட்டைக்குப் பொருத்தமாக இருந்தால் போதும்.

"அந்த டோனைப் பாரு, டிஜிட்டல்ல வராது" என்றான் ஒருவன்.

"நடுவுல ஒரு மரம் தெரியுது பாத்தியா?" என்றாள் அவன் தோழி.

பரிசு வழங்க மாவட்டத்திலிருந்து உயரதிகாரி வந்திருந்தார். படம் எடுத்தவள் என்ற முறையில் மகாதேவியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"இது காட்சி மாளிகைக் கழிவுக் குழாயோட படம். ஓடைக்குள்ள விட்டிருக்காங்க. பனிக்குப் பின்னாடி இருக்கு."

கூட்டம் சட்டத்தை நெருங்கிப் பார்த்தது.

"ஆமா, குழாய் மாதிரித்தான் இருக்கு" என்றார் ஒருவர்.

"மாதிரி என்ன? குழாயேதான். தண்ணி ஊத்துது பாருங்க!"

நாச்சிமுத்து மேடைக்கு ஓடி வந்தார். "ஐயா, அதுல குழாயே இல்ல. அது வெறும் வெள்ளை!"

உயரதிகாரி நிமிர்ந்தார். "வெறும் வெள்ளைக்கா பரிசு கொடுக்க என்னைக் கூப்பிட்டீங்க?"

"இல்லைங்கய்யா, பனி."

"கேமராவுக்கு முன்னால இருந்தது எல்லாம் இதுல இருக்குன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீங்க? கேமராவை எங்க வச்சு எடுத்தது?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். மகாதேவிக்கு அவருடைய கடைவாய்ப் பல் சொத்தை வரை தெரிந்தது.

ஒரே வாரத்தில் குழாய் அகற்றப்பட்டது. வெள்ளைத் தாளை ஆதாரமாக வைத்து உண்மைக் குழாய் அகற்றப்பட்ட செய்தியை எல்லோரும் கொண்டாடினார்கள். செல்லப்பாண்டியின் கேரட் ஒட்டன்சத்திரத்தில் மறுபடி விலை போனது. காட்சி மாளிகைக் குளியலறைகள் வழக்கம் போல இயங்கின. எப்படி இயங்குகின்றன என்று ஒருவரும் கேட்கவில்லை.

மகாதேவி மட்டும், கணவரையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். ஜெயமுருகன் குழாயை மலையின் மறுபக்கமாகத் திருப்பியிருந்தார். அந்தப் பக்கத்து ஓடையிலிருந்துதான், அதை ஒட்டியிருந்த விழாத் திடலின் டீக்கடைகளுக்கெல்லாம் தண்ணீர் வந்தது.

அவள் ரேஞ்ச்ஃபைண்டரைத் தூக்கினாள். விக்னேஷ் அங்கே இல்லை. தேவைப்படவில்லை. டீயும் கையுமாக நின்றிருந்த சுற்றுலாக் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது.

"ஏங்க, இவ்வளவு அழகான ஊருல போயும் போயும் இதையா எடுப்பீங்க? கண்காட்சியில ஒரு பனிப்படம் இருக்கு. அந்த மாதிரி எடுங்க."

"அது நான் எடுத்ததுதாங்க."

"அப்ப உங்களுக்கு நல்லாவே எடுக்க வருதே!"

மகாதேவி கணவரைப் பார்த்தாள். "சொல்லுங்களேன், நீங்களாவது."

செல்லப்பாண்டி தொண்டையைச் செருமினார். "நம்ம ஓடை இப்ப சுத்தமாத்தான கெடக்கு, மகா. அந்தப் பக்கத்துச் சோலி நமக்கெதுக்கு? வா, ஒரு டீ குடிப்போம்."

இரண்டு டீ வாங்கி வந்தார். மகாதேவி டம்ளரை மூக்கருகே கொண்டுபோய், அப்படியே திருப்பி நீட்டினாள். செல்லப்பாண்டி அதையும் வாங்கிக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான இருக்கு. இஞ்சி கொஞ்சம் கூடப் போட்டுட்டான்."