செம்போத்துக்கு ரசிகர் கிடைத்த கதை

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகு, செவத்தையா என்று ஒரு செம்போத்து இருந்தது. காக்கை அளவில், செங்கல் நிற இறக்கையும் சிவந்த கண்ணுமாகப் புதருக்குப் புதர் நடந்தே போகுமே, அந்தப் பறவை. அது எதிரே வந்தால் போகிற காரியம் கைகூடும் என்று நம்பிக்கை. அதனால் காட்டில் செவத்தையாவைப் பார்க்காத ஆளே கிடையாது. பெண் பார்க்கக் கிளம்பிய நரி, இடமாற்றத்துக்கு மனுப் போட்ட கரடி எல்லாம் காலையில் வந்து அதன் புதர் முன்னால் நிற்கும். செவத்தையா தலையை நீட்டியதும் கும்பிட்டுவிட்டுப் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், செவத்தையா தன்னைப் பாடகன் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"உக், உக், உக்" என்று அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்து யாரோ விட்டுவிட்டு இருமுவது மாதிரி இருக்கும். நான் குறை சொல்லவில்லை, அது மாதிரிதான் இருக்கும். கும்பிட வந்தவர்களிடம், "ஒரு பாட்டு கேட்டுட்டுப் போங்களேன்" என்று செவத்தையா கெஞ்சும். "நல்ல காரியமா போறேன், முடிச்சுட்டு வந்து கேக்கறேன்" என்பார்கள். காரியம் முடிந்தவர்கள் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் 'வனநாதம்' வந்தது. பாட்டைப் பதிவு செய்து ஏற்றிவிட்டால் காடு முழுக்கப் போனில் கேட்கலாம். சபா வேண்டாம், சிபாரிசு வேண்டாம், திறமை ஒன்று போதும் என்று விளம்பரம் சொன்னது. செவத்தையா அதை அப்படியே நம்பியது. ஏற்றப் போனால் ஒரு படிவம் வந்தது. இசை வகை என்ற இடத்தில் கூவல், அகவல், ஊளை, ரீங்காரம் என்று நாலு இருந்தன. உக் என்பது எதிலும் சேரவில்லை. செவத்தையா 'மற்றவை' என்பதைத் தொட்டது. 'மற்றவை என்றால் என்ன என்று சுருக்கமாக விளக்கவும்' என்றது போன். விளக்கி முடிப்பதற்குள் 'நேரம் கடந்துவிட்டது' என்று பெயரிலிருந்து மறுபடி கேட்டது. இப்படி ஒரு பொழுது போன பிறகு பாட்டு ஏறியது.

ஏறி என்ன செய்ய? வனநாதத்தைத் திறந்ததும் வரும் முகப்பில் மயில் உட்கார்ந்திருந்தது. மயிலின் குரலைக் கேட்டவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. படம் நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

செவத்தையாவின் பாட்டை முழுசாகக் கேட்டது ஒரே ஒரு ஜீவன். ஓடைக்கரையில் மேய்கிற மருதாயி என்ற புள்ளிமான். புதர் பக்கம் வரும்போதெல்லாம், "என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? பாடு" என்று சொல்லும். வீட்டுக்குப் போயும் போனில் போட்டுக் கேட்கும். மருதாயி மேல் செவத்தையாவுக்கு அத்தனை பிரியம். இந்தக் காட்டில் காது உள்ளவள் மருதாயி அக்கா ஒருத்திதான் என்று கண்ட இடத்தில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது.

ஒரு நாள் மூக்காண்டி என்ற ஓணான் வந்து, எட்டாத கிளையாகப் பார்த்து உட்கார்ந்தது. வெளியே தெரியாத கலைஞர்களைக் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்து மேலே தூக்கிவிடுவது தன் தொழில் என்றது. எந்தப் பாட்டை எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள், எந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஓடினார்கள், எல்லாம் அதன் போனில் கோடு கோடாகத் தெரியும்.

"கூலி என்ன கேக்கறே?" என்றது செவத்தையா.

"என்னைத் திங்கக் கூடாது ப்ரோ. வேற ஒண்ணும் வேணாம்."

ஓணானைக் கண்டால் செம்போத்துக்கு நாக்கில் எச்சில் ஊறும். ஆனாலும் கலைக்காக அது வாயைக் கட்டியது.

மூக்காண்டி கோட்டைக் காட்டியது. "பாருங்க, பாட்டு ஆரம்பிச்ச உடனே கோடு கிணத்துல விழுது. ஆரம்பத்துல என்ன பண்றீங்க?"

"தொண்டையைச் செருமுவேன்."

"அதை எடுத்துடுங்க. அப்புறம் ஒரு உக்குக்கும் அடுத்த உக்குக்கும் நடுவுல ஏன் இவ்ளோ நேரம்?"

"அதுதான் தம்பி தாளமே."

"அதையும் எடுத்துடுங்க."

எடுத்தார்கள். கிணற்றில் விழுந்த கோடு எழுந்திருக்கவில்லை. "மருதாயி அக்கா கடைசி வரைக்கும் கேக்கறாங்கல்ல?" என்று செவத்தையா ஆறுதல் தேடியது. "ஒருத்தரை வச்சுக் கோடு போட முடியாது ப்ரோ" என்று சொல்லிவிட்டு மூக்காண்டி தலையை ஆட்டியது. ஓணான் எதற்கும் தலையை ஆட்டும். செவத்தையா அதை நம்பிக்கையின் அடையாளமாக எடுத்துக்கொண்டது.

பிறகு ஒரு காலையில் மூக்காண்டி கிளையிலிருந்து இறங்கியே வந்துவிட்டது. அவ்வளவு பரபரப்பு.

"ப்ரோ, கோடு மேல போகுது. மலையடிவாரத்துல யாரோ உங்க பாட்டை ராப்பகலா கேக்கறாங்க. நடுவுல நிறுத்தலை, தாண்டலை. முடிஞ்ச உடனே மறுபடி முதல்லேர்ந்து."

வனநாதம் யார் கேட்கிறார் என்று பார்க்காது, எத்தனை தடவை ஓடியது என்றுதான் பார்க்கும். ஓடி ஓடி ஒரே வாரத்தில் பாட்டு முகப்புக்கு வந்துவிட்டது. 'காடே கேட்கிறது' என்று மேலே எழுதியிருந்தது. காடே கேட்கிறது என்று எழுதியதும் நாம் மட்டும் கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று காடும் கேட்க ஆரம்பித்தது. முன்பு வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிய சபாச் செயலாளர் நாரை இப்போது மாலையோடு வந்தது. "உங்க உக்குல ஒரு சோகம் இருக்குங்க. நான் அன்னைக்கே கவனிச்சேன்" என்றது. குரங்குகள் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டன. மயில் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனது. செவத்தையாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. வாழ்நாள் முழுக்க இதற்குத்தானே காத்திருந்தது, பாவம்.

சந்தோஷம் நீடித்ததா? ஒரு நாள் கோடு சடாரென்று சரிந்தது. மலையடிவாரத்து ரசிகர் பாட்டை நிறுத்திவிட்டார். அடுத்த நாளே முகப்பில் மயில். அதற்கடுத்த நாள் நாரை, "நீங்க யாரு, நம்ம மரங்கொத்திக்குச் சொந்தமா?" என்று கேட்டது.

செவத்தையா துடித்துப்போனது. மூக்காண்டியைக் கூட்டிக்கொண்டு ரசிகரைத் தேடி மலையடிவாரத்துக்குப் போனது. அங்கே ஒரு குகை வாசலில் மாசிலாமணி என்ற மலைப்பாம்பு வெயில் காய்ந்துகொண்டு கிடந்தது. பக்கத்தில் ஒரு போன், திரை கீறிப்போய்க் கிடந்தது.

"ஐயா, நான்தான் செவத்தையா" என்று இறக்கையை மடக்கிக்கொண்டு வணங்கியது செம்போத்து. "என் பாட்டை ஏன் நிறுத்திட்டீங்க? ஏதாவது குறையிருந்தா சொல்லுங்க, திருத்திக்கறேன்."

மாசிலாமணி மெதுவாகத் தலையைத் தூக்கியது. "இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து தரையைத் தட்டிப் பேசு தம்பி. எனக்குக் காது ஏது?"

செவத்தையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தரையைத் தட்டித் தட்டி மறுபடி கேட்டது.

"ஓ, அது பாட்டா?" என்றது மாசிலாமணி. "போன மாசம் ஒரு பன்னியை முழுங்கினேன். பெரிய உருப்படி. செரிக்காம உயிரு போச்சு. போனை அடியில வச்சு அது மேல படுத்தா அதிர்வு வயித்துக்கு இதமா இருக்கும்னு சொன்னாங்க. மயிலைப் போட்டேன், குமட்டிடுச்சு. அப்புறம் மற்றவைன்னு ஒரு இடத்துல உன்னோடது கிடைச்சது. அடேயப்பா, உக்கு உக்குன்னு அடிவயிறு வரைக்கும் போகுது. ஒரே தூக்கம். பன்னி செரிச்சுது, எழுந்தேன், நிறுத்திட்டேன்."

"மறுபடி எப்ப ஐயா போடுவீங்க?"

"வயித்துல ஏதாவது விழுந்தாத்தானே தம்பி போடறதுக்கு?"

திரும்பி வரும் வழியில் செவத்தையா முன்னால் நடந்தது. மூக்காண்டி பின்னால் போனைத் தடவிக்கொண்டே வந்தது.

"முயல்னா ரெண்டு நாள் ஓடும். மான்னா ஒரு மாசம் நிச்சயம். கூப்பிட்டா மறுபேச்சு பேசாம வரக்கூடிய மான் ஒண்ணுதான் நம்ம கணக்குல இருக்கு ப்ரோ."

"வாயைக் கழுவுடா" என்று செவத்தையா கத்தியது. "உன் மண்டையைக் கொத்திப் பிளந்துடுவேன்."

"நமக்குள்ள ஒப்பந்தம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே மூக்காண்டி எட்டாத கிளைக்கு ஏறிவிட்டது.

செவத்தையா நல்ல பறவைதான். நிஜமாகவே கொதித்தது, நிஜமாகவே சாப்பிடாமல் கிடந்தது. ஆனால் விடிந்தால் மயில் முகப்பில் சிரித்தது. மாலை காய்ந்து புதரில் தொங்கியது. கரடி வழக்கம்போல வந்து, மூஞ்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனது. நாலாவது நாள் செவத்தையா தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டது. அழைக்க மட்டும்தானே போகிறோம், வருவதும் வராததும் அவர்கள் இஷ்டம். பாம்புக்குப் பசிக்கிறதோ என்னவோ. இப்படியெல்லாம் யோசித்துவிட்டு, 'மலையடிவாரத்தில் நேரடிக் கச்சேரி, அக்கா மட்டும் வரவும்' என்று மருதாயிக்குச் செய்தி அனுப்பியது.

மத்தியானம் மருதாயி வந்தது. போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தது. குகை வாசலில் பச்சைப்பசேல் என்று புல். ஒரு பாறையின் நிழலோடு நிழலாக மாசிலாமணி கிடந்தது தெரியாமல், மருதாயி குனிந்து மேய ஆரம்பித்தது. செவத்தையா கிளையில் உட்கார்ந்து பாடியது. குரல் நடுங்கியது. முதல் பாட்டு முடிவதற்குள் அதனால் தாங்க முடியவில்லை. சே, என்ன பிழைப்பு இது என்று தோன்றியது. இருந்த ஒரே ரசிகையைப் பாம்புக்குக் கொடுத்துவிட்டு யாருக்காகப் பாடுவது? முகப்பு மயிலுக்கே போகட்டும். இப்படி முடிவு செய்ததும் பல நாளாக அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு லேசானது. பாட்டை நிறுத்தியது.

"அக்கா" என்றது. இங்கே நிற்காதீங்க, ஓடிப்போங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. சத்தியமாக அதற்குத்தான் திறந்தது. ஆனால் பாடி முடித்த வாய் அல்லவா, வேறு ஒன்று வந்துவிட்டது.

"பாட்டு எப்படி இருந்துச்சு?"

மருதாயி புல்லை மென்றுகொண்டே யோசித்தது. கள்ளம் தெரியாத மான்.

"உள்ளதைச் சொல்லவா தம்பி? தப்பா நினைக்கக் கூடாது. பாட்டுன்னு நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல. நீ கத்திக்கிட்டு இருந்தா புலி, செந்நாய் எதுவும் பக்கத்துல இல்லன்னு அர்த்தம். தைரியமா மேயலாம். அதுக்காகத்தான் போன்லயும் போட்டுக்கறது."

"போன்ல இருக்கறது என்னைக்கோ பாடினது அக்கா" என்றது செவத்தையா. "அது ஓடினா புலி இல்லன்னு எப்படி?"

"அப்படியா? நான் அவ்வளவு தூரம் யோசிக்கல." மருதாயி மறுபடி குனிந்தது. "ஆனா ஒண்ணு, பாட்டாப் பாத்தா கொஞ்சம் இழுவைதான். ஏன் நிறுத்திட்ட? நீ நிறுத்தினா எனக்குப் பக்குனு இருக்கு. பாடு தம்பி."

செவத்தையா பாறை நிழலைப் பார்த்தது. நிழல் கொஞ்சம் நகர்ந்திருந்தது. மருதாயியைப் பார்த்தது. கும்பிட்டுவிட்டுப் போனவர்கள், படம் எடுத்தவர்கள், வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டவர் என்று எல்லாரையும் அது மன்னித்திருந்தது. இழுவை என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு பாடியது. அன்றைக்குப் பாடியது மாதிரி அது முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. மருதாயி நிம்மதியாக மேய்ந்தது. கடைசி வரைக்கும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கோடு மறுநாளே எழுந்தது. நாரை புது மாலையோடு வந்து, இந்தத் தடவை சோகம் இன்னும் ஆழமாக இருக்கிறது என்றது. மூக்காண்டி மட்டும் போனை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பத் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"ப்ரோ, மலையடிவாரத்துல ரெண்டு பேர் கேக்கறாங்கன்னு காட்டுது. ஒண்ணு மாசிலாமணி ஐயா. இன்னொண்ணு அதே இடத்துல, மருதாயி அக்கா போன்."

செவத்தையா புது மாலையைச் சரிசெய்துகொண்டது.

"நிறுத்தாம கேக்கறாங்களா?" என்றது.

மூக்காண்டி தலையை ஆட்டியது.

நீதி: பாடியவர் 'எப்படி இருந்தது?' என்று கேட்டால், 'அருமை' என்று சொல்லிவிட்டு உடனே வீட்டுக்குப் போகவும்.