பொன்னாடை போட்டவர்களுக்கு மட்டும்

ஒரு காட்டில் ஒரு தனியார் பள்ளி இருந்தது. காடு என்றால் மரம் எங்கே என்று கேட்காதீர்கள். மரம் இருந்த இடத்தில்தான் பள்ளி. மிச்சம் இருந்ததை வெட்டி கார் நிறுத்த இடம் செய்துவிட்டார்கள். மதில் ஓரத்தில் ஒரே ஒரு புதர் மட்டும், யாருக்கும் வெட்ட நேரம் கிடைக்காததால் நின்றுகொண்டிருந்தது.

பள்ளியின் தாளாளர் ஒரு கரடி. அவர் பள்ளியை நடத்துகிறார் என்று வெளியில் சொல்லிக்கொள்வார்கள். பள்ளிக்குப் பணம் கொண்டுவந்தது கீரி மரகதம். 'முன்னாள் மாணவர் உறவு, நிதி திரட்டல் மற்றும் விழாக்கள் துறைத் தலைவர்' என்று அவள் அறைக் கதவில் எழுதியிருக்கும். துறையில் வேறு ஆள் கிடையாது. தலைவரும் அவள்தான், விழாவுக்கு நாற்காலி துடைப்பதும் அவள்தான். பழைய மாணவர் வீட்டில் குட்டிக்குக் காது குத்தினால் போய் நிற்க வேண்டும். மொய்க்குப் பதிலாகப் பள்ளிக் காலண்டரைக் கொடுத்துவிட்டு, வாயெல்லாம் பல்லாக நன்கொடை கேட்டு வர வேண்டும்.

நன்கொடை வந்தது. வராமல் இல்லை. ஆனால் எது வந்தாலும் அதில் 'உபயம்' என்று பெயர் இருக்கும். கரும்பலகையில் மேல் பாதி முழுக்க ஒரு கழுதைக் குடும்பத்தின் பெயர், மூன்று தலைமுறை. கணக்கு டீச்சர் மீதிப் பாதியில் முட்டிபோட்டு எழுதுவார். பெஞ்சில் பெயரை அவ்வளவு ஆழமாகச் செதுக்கியிருந்ததால், சாயங்காலம் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு குட்டியின் பின்பக்கத்திலும் யார் உபயம் என்று படிக்கலாம்.

குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி, அதற்குப் பக்கத்தில் அதைவிடப் பெரிய தொட்டி. தண்ணீர் கொடுத்தால் புண்ணியம், பெயரையும் பெரிதாக எழுதலாம். குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று எந்த வள்ளலும் யோசிக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே கழிப்பறை. அதற்குக் கதவு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. ஆண் பிள்ளைகள் புதருக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். டீச்சர்களுக்குத் தனியாக ஒன்று உண்டு, அதன் சாவி டீச்சர்களிடம்.

மரகதத்தின் மகள் தாமிரா அதே பள்ளியில்தான் படித்தாள். தினமும் காலையில் தண்ணீர் பாட்டிலை நிரப்பி எடுத்துப் போவாள். சாயங்காலம் அதை நிரம்பியபடியே திருப்பிக் கொண்டுவருவாள். குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. அதனால் குடிப்பதில்லை. அவள் வகுப்பில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஒருநாள் பிரேயரில் 'நீராரும்' என்று ஆரம்பிக்கும்போதே தாமிரா விழுந்துவிட்டாள். ஏற்கெனவே நீர்க்கடுப்பு, காய்ச்சல். டாக்டர் ஆந்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பிள்ளை பகலில் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை பெட்டில்தான் சேர்க்க வேண்டும் என்றார்.

மரகதம் தாளாளரிடம் போனாள். கழிப்பறை கட்டித் தாருங்கள் சார் என்றாள்.

"நல்ல விஷயம்தானே," என்றது கரடி. "பழைய ஸ்டூடன்ட்ஸ்கிட்ட கேளும்மா. அதுக்குத்தானே உன்ன வச்சிருக்கேன்."

கேட்டாள். முதலில் போனில் பெருச்சாளி துரைசிங்கத்தை. மனை போட்டு விற்கிறவர், அவர் தோண்டாத இடம் காட்டில் கிடையாது. கழிப்பறை என்றதும் அவருக்கு சிக்னல் போய்விட்டது. மறுபடி பேசியபோது, வேண்டுமானால் வாசலில் ஒரு வளைவு கட்டித் தருகிறேன், யானை நின்றாலும் தலை இடிக்காது என்றார். அடுத்தது வெளிநாட்டில் இருக்கும் கொக்கு. பள்ளியை நினைத்தாலே கண்ணில் தண்ணீர் வருகிறது என்று ரொம்ப நேரம் உருகிவிட்டு, அந்தக் காலத்தில் தனக்கு விழுந்த பிரம்படியை எல்லாம் புகழ்ந்துவிட்டு, ஒரு சரஸ்வதி சிலை அனுப்புவதாகச் சொன்னது. மற்றவர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான். எல்லோரும் கேட்ட சந்தேகம் ஒன்றுதான். அதில் என் பெயரை எங்கே எழுதுவீர்கள்? கதவில் எழுதினால் தினமும் என்னை உதைத்துத் திறப்பார்களே?

அன்று சாயங்காலமும் பாட்டில் நிரம்பியே வந்தது. மரகதம் அதை மேசைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டாள்.

'பள்ளியில் புதிய கழிப்பறை கட்ட உள்ளோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இதுவரை இதற்கு எதுவும் தராத முன்னாள் மாணவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் பெயரையே அதற்குச் சூட்டிக் கௌரவிக்க இருக்கிறோம். புகைப்படமும் வைக்கப்படும்.'

காலை வணக்கம், பூங்கொத்து என்று மட்டுமே வரும் குழு அது. அன்றைக்குப் பணம் வந்தது. இறந்துபோனதாக எல்லோரும் நம்பியிருந்த ஒரு நீர்யானை உயிரோடு வந்து பணம் அனுப்பியது. கொக்கு, சிலைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து அனுப்பியது. பெருச்சாளி பணத்தைக் கட்டிவிட்டு, தன் பெயர் சுவரில், கதவில், குழாயில், வாளியில், எங்கேயும் வராது என்று எழுதித் தரச் சொன்னது. உபயம் வேண்டாம் என்று எழுதி வாங்கிய முதல் வள்ளல் அவர்தான்.

வேண்டியதைவிட அதிகமாகவே சேர்ந்தது. கழிப்பறை கட்டியாயிற்று. வழுவழுப்பான டைல்ஸ், அகலமான கதவு, திருகினால் தண்ணீர். தாமிரா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அம்மா, உள்ளே கண்ணாடிகூட இருக்கு என்றாள்.

எட்டித்தான் பார்க்க முடிந்தது. ஏனென்றால் பூட்டியிருந்தது. கைப்பிடியில் ஒரு சிவப்பு ரிப்பன் வேறு.

மரகதம் மறுபடி தாளாளர் அறைக்குப் போனாள். கரடிக்கு உண்மையிலேயே கவலை. எல்லோருமே பணம் கட்டிவிட்டதால், பெயர் வைக்க ஆளில்லை. பெயர் இல்லாமல் கல்வெட்டு வைக்க முடியாது. கல்வெட்டு இல்லாமல் திறப்பு விழா இல்லை. நாலைந்து பெரிய மனிதர்களைக் கேட்டுப் பார்த்தாராம். கழிப்பறைக்கு ரிப்பன் வெட்டிய போட்டோ பேப்பரில் வந்தால் நன்றாகவா இருக்கும் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"திறப்பு விழா நடக்காம எப்படிம்மா தொறக்கறது," என்று கரடி அவளையே கேட்டது. "நம்ம ஸ்கூலுக்குன்னு ஒரு முறை இருக்கில்ல."

பூட்டிய கழிப்பறைக்கு வெளியிலிருந்து போட்டோ எடுத்து, 'நவீன வசதிகள்' என்று அட்மிஷன் நோட்டீசில் போட்டார்கள். அந்த வருடம் ஃபீஸையும் ஏற்றினார்கள். தாமிராவுக்கு இரண்டாம் முறை காய்ச்சல் வந்தது.

அந்தச் சமயத்தில்தான் முன்னாள் மாணவர் தின விழா வந்தது. சிறப்பு விருந்தினர் காட்டெருமை வேலுச்சாமி. ஊரில் பாதி லாரி அவருடையது. அவர் கார் நிற்க இடம் போதாது என்று, அந்தக் கடைசிப் புதரையும் முந்தின நாள் வெட்டிவிட்டார்கள். மரகதம் தடுக்கவில்லை. தடுக்காததோடு, வெட்டும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

காட்டெருமை காரைவிட்டு இறங்கியதும் இளநீர் கொடுத்தாள். மேடைக்கு ஏறும் முன் பானகம். உட்கார்ந்ததும் பன்னீர் சோடா. வீடியோக்காரர் எதிரில் நின்றதால் அவர் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே குடித்தார். அந்தப் பள்ளியில் சிறப்பு விருந்தினர் கடைசியில்தான் பேச வேண்டும். அதற்கு முன்னால் குத்துவிளக்கு, வரவேற்புரை, ஆண்டறிக்கை, பரதநாட்டியம் எல்லாம் உண்டு. பிறகு ஒவ்வொரு வருடத்து மாணவர்களும் வரிசையாக மேடையேறி அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். ஒவ்வொரு பொன்னாடைக்கும் மரகதம் ஒரு தம்ளர் மோர் நீட்டினாள்.

ஒருவழியாக மைக் அவர் கைக்கு வந்தபோது, காட்டெருமை ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நின்றார்.

"நான் இங்க படிச்சப்ப கக்கூஸே கெடையாது," என்று ஆரம்பித்தார். "புதருக்குத்தான் போவோம். அந்தக் கஷ்டந்தான் என்ன ஆளாக்குச்சு. எல்லாத்தையும் கையில குடுத்துட்டா பிள்ளைங்களுக்கு உழைப்போட அருமை எப்படித் தெரியும்?"

பெற்றோர் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த பெண் பிள்ளைகள் தட்டவில்லை. காட்டெருமை அடுத்த வாக்கியத்தை ஆரம்பித்தார், பாதியில் விட்டார், நெற்றியைத் துடைத்தார். மைக் கையில் இருப்பதை மறந்து தாளாளர் பக்கம் குனிந்தார். அதனால் அடுத்துப் பேசியதெல்லாம் பந்தல் முழுக்கக் கேட்டது.

"யோவ், அந்தப் புதர் எங்கய்யா?"

"வெட்டியாச்சுங்கய்யா. உங்க கார் நிக்குதே, அந்த இடந்தான்."

"டீச்சருங்க போற எடம்?"

"இருக்குங்க. கதவுல உங்க கொம்பு நொழையாதுங்க."

"புதுசா ஒண்ணு கட்டினீங்களே?"

"அது இன்னும் தொறக்கலீங்களே. பேரு கெடைக்காம..."

காட்டெருமை மைக்கைப் போட்டுவிட்டு ஓடினார். பின்னால் சாவியோடு தாளாளர், அவர் பின்னால் கத்தரிக்கோல் தட்டோடு ஒரு டீச்சர், அவர் பின்னால் வீடியோக்காரர். கத்தரிக்கோலுக்கு அவர் காத்திருக்கவில்லை. கொம்பிலேயே ரிப்பன் அறுந்தது. ரிப்பன் அறுந்தால் வாசிக்க வேண்டும் என்று பேண்டு கோஷ்டிக்கு எப்போதோ சொல்லி வைத்திருந்தார்கள். அவர்கள் வாசித்தார்கள். அவர் வெளியே வரும்வரை வாசித்தார்கள். வந்ததும் கரடிக்கு என்ன செய்வது என்று தெரியாமல், பழக்கதோஷத்தில் இன்னொரு பொன்னாடை போர்த்திவிட்டது.

இந்த இடத்தில் முடித்திருந்தால் நல்ல கதை. ஆனால் மறுநாள் பள்ளி உண்டே.

மறுநாள் கழிப்பறை வாசலில் ஒரு பலகை இருந்தது. 'சிறப்பு விருந்தினர்களுக்கு மட்டும்.' சும்மா விடவில்லை, காவலுக்கு வாட்ச்மேன் ஆமையையும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். இவ்வளவு பெரியவர் திறந்துவைத்ததைப் பிள்ளைகள் அசிங்கப்படுத்திவிடுவார்களாம். அடுத்த விழாவுக்கு யாராவது பெரியவருக்கு அவசரம் என்றால் என்ன செய்வது என்று கரடி நியாயமாகவே யோசித்திருந்தது.

ஆமைக்கு ஒரு சந்தேகம். யார் சிறப்பு விருந்தினர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டது.

"பொன்னாடை போட்டிருப்பாங்கல்ல. இதுகூடவா சொல்லணும்," என்று கரடி எரிந்து விழுந்தது.

மரகதம் அப்போது பக்கத்தில்தான் நின்றாள்.

தாமிரா வழக்கம்போல மூடி திறக்காத பாட்டிலோடு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நின்றாள்.

"ஊருக்கெல்லாம் தண்ணி குடுத்துக் காரியம் சாதிக்கிற. நான் குடிச்சா எங்கம்மா போறது?"

மரகதம் மகளைக் கையைப் பிடித்துத் தன் அறைக்கு இழுத்துப் போனாள். மேடையில் போர்த்தும் பொன்னாடையை எந்தப் பெரிய மனிதரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. நாற்காலியிலேயே விட்டுப் போவார்கள். அதை மடித்து பீரோவில் வைத்து, அடுத்த வருடம் அடுத்தவருக்குப் போர்த்துவதும் அவள் துறையின் வேலைதான். பீரோவைத் திறந்தாள். உள்ளே இடமில்லாமல் அடைந்து கிடந்தது.

இடைவேளை மணி அடித்தபோது ஆமை நிமிர்ந்து பார்த்தது. எதிரில் தாமிரா நின்றாள். தங்க ஜரிகை போட்ட பச்சைப் பொன்னாடை தரையில் புரண்டது. ஆமை அவளைப் பார்த்தது, பொன்னாடையைப் பார்த்தது, எழுந்து சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் ஒரு மான்குட்டி, சிவப்பில். அதற்குப் பின்னால் அணில் ஒன்று. பொன்னாடைதான் நடந்து வந்தது, அணில் உள்ளே எங்கேயோ இருந்தது. வரிசை வராந்தாவைத் தாண்டிப் போயிற்று. வரிசையின் கடைசியில் நின்று மரகதம் பொன்னாடை போர்த்திக்கொண்டே இருந்தாள்.

"மிஸ், நான் சிறப்பு விருந்தினரா?" என்று ஒரு முயல்குட்டி கேட்டது.

"ஆமா. சீக்கிரம் போயிட்டு வா. அடுத்த சிறப்பு விருந்தினர் நிக்க முடியாம நிக்கிறா."

மாடியிலிருந்து கரடி பார்த்தது. கண்ணுக்கெட்டிய வரை பொன்னாடை. உடனே கோட்டை மாட்டிக்கொண்டு, கைகூப்பியபடி படியிறங்கி ஓடிவந்தது. கிட்டே வந்த பிறகுதான் ஒவ்வொரு பொன்னாடைக்குள்ளும் இருந்த சீருடை தெரிந்தது. வாயைத் திறந்தது. ஆனால் ஒருவருக்குப் போர்த்திய பொன்னாடையைக் கழற்றச் சொல்லும் வழக்கம் அந்தப் பள்ளியில் இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதனால் கூப்பிய கையை இறக்காமல், வாங்க, வாங்க என்று சொல்லிக்கொண்டே நின்றது.

அன்று சாயங்காலம் தாமிரா மேசைமேல் வைத்த பாட்டில் சாய்ந்து உருண்டது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

நீதி: பள்ளியில் மரியாதை வேண்டும் என்றால் நன்றாகப் படித்து, நாலு காசு சம்பாதித்து, சிறப்பு விருந்தினராகத் திரும்பி வர வேண்டும். ஆனால் அதுவரைக்கும் அடக்கிக்கொண்டு இருக்க முடியாது. ஆகவே முதலில் ஒரு பொன்னாடையைத் தூக்கிக்கொள்ளுங்கள்.