புளியமுத்து சார் நடந்து பார்த்த சாலைகள்

விதி இதுதான்: நகரமைப்பு வரைபடத்தில் உத்தேசச் சாலை எதையும் குறிக்கும் முன், மேற்பார்வை அலுவலர் அந்த இடத்தை நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். எப்படிப் பார்க்க வேண்டும் என்று விதியில் இல்லை. ஜீப்பில் உட்கார்ந்தபடி பார்க்கலாம். டீக்கடையில் நின்று அந்தத் திசையைப் பார்க்கலாம். காலண்டரைப் பார்த்துவிட்டும் கையெழுத்துப் போடலாம். எழுபதுகளில் மூன்றுமே நடைமுறையில் இருந்தன. தான் வரைந்த சாலை ஒவ்வொன்றிலும், அது சாலையாவதற்கு முன்பே நடந்து முடித்தவர் உலகத்திலேயே எங்கள் புளியமுத்து சார் ஒருவர்தான்.

பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டம். இரண்டு ஊர்களுக்கும் திட்டம் தயாரிக்க, அரியலூரில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் எங்களுக்கு அலுவலகம். சார் மேற்பார்வை அலுவலர். நான் அவருக்கு அடுத்தவன், விதிகளை மனப்பாடமாகச் சொல்பவன்.

நிலம் அளக்க அலுவலகத்தில் இரும்புச் சங்கிலி இருந்தது. சார் அதைத் தொடமாட்டார். "செயினு வெயில்ல நீளும்யா. என் காலு நீளாது" என்பார். பேண்டின் வலது பையில் புளியமுத்துகளை நிரப்பிக்கொண்டு கிளம்புவார். நூறு காலடிக்கு ஒரு முத்து இடது பைக்குப் போகும். சாலை முடிந்ததும் இடது பையைக் கவிழ்த்து எண்ணினால் நீளம் கிடைத்துவிடும். சங்கிலியோடு ஒப்பிட்டுத் தவறு கண்டுபிடிக்க நான் நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் தவறு சங்கிலியில்தான் இருந்தது.

ஒரே நிபந்தனை, நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. யாராவது கூப்பிட்டால் ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஒருநாள் உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் எதிரே வந்து வணக்கம் வைத்தார். அவருக்கும் விரல்தான் கிடைத்தது. அவமதித்ததாகப் புகார் எழுதினார். விளக்கம் கேட்டு மெமோ வந்தது. சார் ஒரே வரியில் பதில் எழுதினார்: 'அச்சமயம் நான் அறுபத்து நான்காவது அடியில் இருந்தேன்.'

சாலை எப்படிப் போகுமோ அப்படியே அவரும் போவார். நடுவில் வீடு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே நுழைந்து, கொல்லை வழியாக வெளியேறுவார். பெரம்பலூரில் ஒரு வீட்டில் சமையலறை வரைக்கும் போய்விட்டார்.

"அம்மா, உங்க வூட்டு நடுவால ஒரு ரோடு வருது. வராம இருக்க வழி இருக்கான்னு பாக்கறேன்."

அந்த அம்மாள் பதறவில்லை. "ரோடு மெதுவா வரட்டும், நீங்க சாப்புட்டுப் போங்க" என்று இலை போட்டுவிட்டார். சாப்பிட்டு எழுந்தால் கணக்கு மறந்துவிட்டது. சார் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போய் முதல் அடியிலிருந்து நடந்து வந்தார். மறுபடியும் அதே சமையலறை. "இன்னொரு பந்தியா சார்?" என்றார் அந்த அம்மாள். சார் விரலைத் தூக்கிக் காட்டினார்.

இப்படி நடந்ததால் அவர் சாலைகள் எல்லாம் வளைந்தன. 'இவ்விடத்தில் சாலை ஏன் வளைகிறது?' என்று தலைமை அலுவலகம் கேட்கும். 'அவ்விடத்தில் ஒரு குடும்பம் வசிக்கிறது' என்று சார் எழுதுவார். மேலிடத்தில் அவர் வரைபடங்களுக்குப் பாம்புப் படம் என்று பெயர்.

எழுபத்தொன்பதில் அவருக்கு அம்மை போட்டது. வேப்பிலையோடு அவர் படுத்திருந்த நேரத்தில்தான், அரியலூர் ரயிலடியிலிருந்து புறப்படும் இணைப்புச் சாலையின் படம் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று தந்தி வந்தது. மேற்பார்வை அலுவலர் இல்லாதபோது அடுத்தவர் சான்றளிக்கலாம். அந்த விதியும் எனக்குத் தெரியும். வெளியே ரெட்டிபாளையம் குவாரி லாரிகள் கிளப்பிய புழுதி, கத்திரி வெயில். மேசை மேல் பழைய கிராம வரைபடம். அதில் அந்த இடம் தரிசு என்று இருந்தது. அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு இழுத்தேன். கீழே 'நேரில் பார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் அலுவலகத்திலிருந்து வந்த முதல் நேரான சாலை என்று தலைமை அலுவலகம் பாராட்டியது.

மூன்று வாரம் கழித்து, முகமெல்லாம் தழும்போடு சார் வந்தார். படத்தைப் பார்த்தார்.

"எத்தனை முத்து?"

சார் பையை நிரப்பிக்கொண்டு கிளம்பினார். மாலையில் திரும்பி வந்து என் மேசையில் எட்டு முத்துகளை வைத்தார்.

"எட்டு வரைக்கும் தரிசு. ஒன்பதாவதுல அஞ்சலைன்னு ஒரு பொம்பளையோட அடுப்பு. அதுக்கப்புறம் ஒரு தெருவே இருக்கு."

பண்ணை வேலை செய்து, சொந்த மண் இல்லாமல் இருந்த குடும்பங்கள் அவை. அரசு மனை கிடைத்து வீடு கட்டியவர்கள். அஞ்சலை சுண்ணாம்புக்கல் குவாரியில் கல் சுமப்பவர். கீற்றை எடுத்துவிட்டுத் தளம் போட அனுமதி கேட்டிருந்தார். உத்தேசச் சாலையில் வருகிறது என்று மனு திரும்பிவிட்டது. நேரே எங்கள் மாடிக்கு வந்தார்.

"ரோடு எப்ப சார் வரும்?"

"சொல்ல முடியாதும்மா" என்றேன்.

"வராத ரோட்டுக்காக நான் மழையில ஒழுகற வூட்டுலயே இருக்கணுமா?"

"எழுதியிருக்கேம்மா. பதில் வரும்" என்றார் சார்.

அவர் எழுதியதைச் சுத்தப் பிரதி எடுத்தவன் நான். 'இது என் மேற்பார்வையில் நேர்ந்த பிழை. கோட்டை மாற்ற வேண்டும்.' அதில் என் பெயர் இல்லை. பிழை செய்தவர் தாமாக முன்வந்து ஒப்புக்கொள்ளவும் நடைமுறை உண்டு. ஒரு தாள், இரண்டு கையெழுத்து. அந்த நடைமுறையை மட்டும் நான் மறந்தவன்போல இருந்துவிட்டேன். அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. "வந்தா ஜீப்பு குடுத்துடுவான்யா, எவன் உக்காருவான்" என்றார்.

மாதத்தின் முதல் வேலைநாளில் ஒரு நினைவூட்டல் எழுதுவார். அவர் ஓய்வு பெற்றுத் திருமழபாடிக்குப் போன பிறகு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் எழுதினேன். மாதம் ஒரு கார்டு அவரிடமிருந்து வரும்: 'பதில் வந்ததா?' ஒரு பங்குனியில் கார்டு வரவில்லை. செய்திதான் வந்தது.

அடுத்து வந்த ஆடியில் பதில் வந்தது, அவர் பெயருக்கே. சாலை தெருவைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோகப்படும் என்று இரண்டு வரி. தபால் பதிவேட்டில் ஏற்றாமல், கடிதத்தை எடுத்துக்கொண்டு ரயிலடிக்குப் போனேன். மேசை இழுப்பறையில் கிடந்த எட்டு முத்துகளும் என் வலது பையில் இருந்தன. வழியில் யாரோ, "என்ன சார், ஜீப்பு ரிப்பேரா?" என்றார்கள். விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தேன். எட்டாவது முத்து இடது பைக்குப் போய்ச் சற்று தூரத்தில் அஞ்சலை வீடு. இன்னும் கீற்றுதான்.

"தளம் போட்டுக்கலாம்மா."

"வரும்னு அவருதான் சொன்னாரு. நீங்க சொல்ல முடியாதுன்னீங்க."

"அந்தக் கோட்டைப் போட்டது நான்தாம்மா" என்றேன், எட்டு வருடம் கழித்து.

"தெரியும். யாரு போட்டதுன்னு அன்னைக்கே அவருகிட்டக் கேட்டேன். நான்தாம்மான்னாரு. இப்புடி வெயில்ல நடக்கற ஆளு அப்புடிப் போடுவாரா?"

அலுவலகத்துக்குத் திரும்பிப் பதிவேட்டைத் திறந்தேன். பெறுநர் என்ற கட்டத்தில் பதவியைத்தான் எழுத வேண்டும் என்பது விதி. 'புளியமுத்து சார்' என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில், பதில் வந்த தேதி: எண்பத்தேழு, ஆடிப் பதினெட்டு.