படிக்கட்டில் சிக்கிய அடுப்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஊருக்குப் புதிது என்று தெரிந்தால் போதும், கேட்காமலே அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவேன். எந்தக் கடையில் கத்தரிக்காய் கிடைக்கும், எந்தப் பேருந்தில் ஏறினால் உட்கார இடம் இருக்கும், எந்த மாதம் வரை மேல்கோட்டைக் கழற்றக் கூடாது என்று மூச்சு விடாமல் சொல்வேன். எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்தாலும் நிறுத்த மாட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில், மொன்றியலில், இந்த வியாதி எனக்கு முற்றிப் போயிருந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்த மொன்றியல் தமிழ்க் குடும்பங்களை எல்லாம் ஒரே வரவேற்பறையில் உட்கார வைத்துவிடலாம். (வைத்திருக்கிறோம். பொங்கலன்று, எங்கள் வீட்டில், இரண்டு பந்தியாக.) டாக்டர்கள், பேராசிரியர்கள், என்னைப் போல இரண்டு மூன்று இன்ஜினியர்கள். நான் அறுபதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டவன். மற்றவர்களைவிட மூன்று குளிர்காலம் அதிகமாகப் பார்த்தவன் என்பதால் ஊரே என் பெயரில் பட்டா ஆகிவிட்டது போல நடந்துகொள்வேன்.

அதன் விளைவுதான் 'மொன்றியல் வாழ்க்கைக் குறிப்புகள்'. ஸ்டென்சிலில் நானே தமிழில் கையால் எழுதி, அலுவலக சைக்ளோஸ்டைல் மெஷினில் சனிக்கிழமைகளில் உருட்டி எடுத்த பதினோரு பக்கம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லுங்கள், அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் எவ்வளவு தடுமாறினாலும் மன்னித்துவிடுவார்கள். துவைத்த வேட்டியை ஜனவரியில் பால்கனியில் போடாதீர்கள், மடித்தால் ஒடியும். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிட்டு, வாசல் கதவை மூடிவிடுங்கள். காதை மூடிக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. இப்படி நாற்பத்தொரு குறிப்புகள். இன்று படித்தாலும் சொல்கிறேன், நாற்பது குறிப்புகள் அப்பழுக்கில்லாதவை.

மீதி ஒன்று வீடு மாறுவது பற்றியது.

இந்த ஊரில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஏப்ரலோடு முடியும். ஆகவே மே முதல் தேதியன்று பாதி நகரம் மூட்டை கட்டிக்கொண்டு வீடு மாறும். தெருவெல்லாம் கட்டிலும் மெத்தையுமாக இருக்கும். நான் அதைப் பேருந்து ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்திருக்கிறேனே தவிர, ஒரு தடவை கூட அப்படி மாறியதில்லை. பாத்திரம், நாற்காலி, அடுப்பு எல்லாம் வீட்டுக்காரரே போட்டிருந்த வாடகை வீட்டில்தான் இருந்தேன். ஆனாலும் எழுதினேன். எழுதாமல் இருக்க முடியுமா?

அந்த வருஷம் ஜனவரியில் டாக்டர் ராகவனும் அவர் மனைவி லலிதாவும் திருச்சியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ராகவன் மருத்துவமனையே கதி என்று கிடந்தார். லலிதாவுக்கு இருபத்திரண்டு வயது. மருத்துவமனைக்குப் பக்கத்தில், சாமான்களோடு வாடகைக்கு எடுத்த ஒற்றை அறையில், ஜன்னலில் பனியைப் பார்த்துக்கொண்டு நான்கு மாதம் தனியாக உட்கார்ந்திருந்தாள். என் மனைவி சரோஜா வாரம் ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வருவாள். "அந்தப் பொண்ணு சிரிச்சு நான் பார்த்ததே இல்லீங்க" என்பாள்.

ஏப்ரலில் ஒரு நாள் லலிதா எங்கள் வீட்டில் வைத்துத் தன் கணவரிடம் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். "நமக்குன்னு ஒரு வீட்டுல நல்ல நேரத்துல பால் காய்ச்சிக் குடி போகணும். அது ஒண்ணுதான் கேக்கறேன். அதுவும் நடக்கலேன்னா எனக்கு டிக்கெட் வாங்கிடுங்க, நான் அம்மாகிட்டப் போறேன்."

ராகவன் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். (உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம்.) "அது என் பொறுப்பும்மா" என்றேன்.

வீடு ஏற்கெனவே பார்த்தாயிற்று. நகரத்தின் கிழக்குப் பக்கம், துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றடுக்குக் கட்டடத்தில் நடு அடுக்கு. வாசலிலிருந்து மேலே போக, வெளியே வளைந்து வளைந்து ஏறும் இரும்புப் படிக்கட்டு. மார்ச்சில் பார்த்தபோது சமையலறையில் பெரிய வெள்ளை மின்சார அடுப்பு ஒன்று ஜம்மென்று நின்றது. கையிலிருந்த தாளில் 'அடுப்பு' என்று எழுதி நானே சரி போட்டேன். மே முதல் தேதி திங்கட்கிழமை. ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிகிறது, பத்தரைக்கு எமகண்டம் தொடங்குகிறது. நடுவில் ஒன்றரை மணி நேரம். ஒரு லிட்டர் பாலுக்கு ஒன்றரை மணி நேரம் என்பது தாராளம் என்று கணக்குப் போட்டேன்.

அன்று ஒன்பது ஐந்துக்கு நாங்கள் நால்வரும் அந்த வாசலில் இறங்கினோம். சரோஜா கையில் பால் பாத்திரம். லலிதா பட்டுப் புடவைக்கு மேல் குளிர்கோட்டுப் போட்டுக்கொண்டு, பிள்ளையார் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். ராகவன் கையில் குத்துவிளக்கு. பழைய குடித்தனக்காரர்கள் இன்னும் காலி செய்துகொண்டிருந்தார்கள். அதையும் நான் எதிர்பார்த்திருந்தேன்.

"எல்லாரும் இங்கேயே நில்லுங்க. நான் மேல போய்ப் பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

முன்னறைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அடுப்பு இருந்த இடத்தில் சதுரமாக ஓர் அழுக்குத் தடமும், சுவரில் ஒரு பிளக்குத் துளையும் இருந்தன. வாசல் பக்கம் திரும்பினால் இரண்டு பேர் அந்த அடுப்பைக் கீழ்ப்படியில் நின்று தாங்கி, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ரெஜான், அந்த வீட்டின் பழைய குடித்தனக்காரர். மற்றவர் அவருடைய மைத்துனர். இரண்டு பேரும் ஆளுக்கு என்னைப் போல ஒன்றரை மடங்கு.

வீட்டுச் சாமானைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அந்த நிமிஷத்தில் எனக்கு எங்கிருந்து அவ்வளவு வீரம் வந்தது என்று இன்று வரை தெரியவில்லை. "ஸ்டாப்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்து, அடுப்பின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். அடுப்பு வரவில்லை. ஆனால் அதன் கீழ்ப்பாகத்தில் ரொட்டி சுடும் அறையின் கதவு 'டமால்' என்று திறந்து, படிக்கட்டின் வளைவில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டது. இப்போது அடுப்பு மேலேயும் வராது, கீழேயும் போகாது. அவர்கள் இருவரும் அடுப்புக்குக் கீழே. நான் ஒருவன் மட்டும் அடுப்புக்கு மேலே.

ரெஜான் தன் மார்பைத் தட்டி, அடுப்பைத் தட்டி, மறுபடி மார்பைத் தட்டினார். நான் என் சட்டைப் பையைத் தட்டி, "காண்ட்ராக்ட்! காண்ட்ராக்ட்!" என்றேன்.

சத்தம் கேட்டு, கீழ் அடுக்கில் குடியிருந்த மதாம் ரோஸ் வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். ஏழு பிள்ளை பெற்றவர். பூப்போட்ட ஏப்ரனும் தலை நிறைய முடி சுருட்டும் கிளிப்புகளும் அணிந்திருந்தார். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மேலே அண்ணாந்து பார்த்துப் பொறுமையாக என்னிடம் சொன்னார்: "மிஸ்யே, அது அவருடைய அடுப்பு. இங்கே எல்லோரும் போகும்போது அவரவர் அடுப்பை எடுத்துக்கொண்டுதான் போவார்கள். நீங்கள் உங்கள் அடுப்பைக் கொண்டு வரவில்லையா?"

கீழே நின்ற மூன்று தமிழர்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த என் பெயர் முழுவதும் அந்தப் பார்வையில் போய்விட்டது.

"சார்... குறிப்புல இதைப் பத்தி ஒண்ணும் போடலையே சார்" என்றார் ராகவன், மிகுந்த மரியாதையோடு.

மணி ஒன்பது ஐம்பது. அன்றைக்கு நகரமே வீடு மாறுகிறது; யாரிடம் போய் அடுப்பு கேட்பது? பின்பக்கப் படிக்கட்டு வழியாகவாவது இறங்கலாம் என்று ஓடிப் பார்த்தேன். அங்கே ரெஜானின் அலமாரி ஒன்று குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றது. திரும்பி வந்து அடுப்புக்கு மேல்படியில் நின்றேன். ரெஜானின் மைத்துனர் திருகாணி கழற்றும் சாவி தேடிப் போயிருந்தார்.

லலிதா கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையார் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். "எனக்குத் தெரியும். இந்த ஊர்ல எனக்கு எதுவுமே அமையாது. டிக்கெட் வாங்கிடுங்க" என்றாள். ராகவன் குத்துவிளக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார். நான் கொடுத்த வாக்கை நம்பித்தான் அந்தப் பெண் இத்தனை நாள் பொறுத்திருந்தாள். நானோ இறங்கிப் போய் ஒரு சமாதானம் சொல்லக்கூட வழியில்லாமல் நிற்கிறேன். "சரோஜா! ஏதாவது பண்ணு!" என்று மேலேயிருந்து கத்தினேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் சரோஜா. பிறகு லலிதாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். பால் பாத்திரத்தோடு நேராக மதாம் ரோஸிடம் போய், "யுவர் ஸ்டவ். ஃபைவ் மினிட். ப்ளீஸ்" என்றாள். அவளுக்கு வந்து இரண்டு வருஷம். எனக்குத் தெரிந்து ஒரு வெள்ளைக்காரியிடம் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை. சரோஜா சொல்லித்தான் தெரியும். (ஒரு தடவை இல்லை, ஒரு நூறு தடவை.)

மதாமின் சமையலறை கண்ணாடி மாதிரி இருந்ததாம். அன்று காலையில்தான் அடுப்பைத் தேய்த்துத் துடைத்திருக்கிறார். பாலை வைத்தார்கள். மூன்று பேரும் சுற்றி நின்றார்கள். பால் மெல்ல விளிம்புக்கு ஏறியது. மதாம் 'ஐயோ' என்று அவர் பாஷையில் அலறிக்கொண்டு அடுப்பை அணைக்கப் பாய்ந்தார். சரோஜா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவர் இடது கையை நீட்டினார்; அதை லலிதா பிடித்துக்கொண்டாள். தன் சொந்தச் சமையலறையில், தன் இரண்டு கையையும் இரண்டு புடவைக்காரிகள் பிடித்துக்கொள்ள, அந்த அம்மாள் கண் முன்னாலேயே பால் பொங்கி வழிந்து, அடுப்பெல்லாம் ஓடி, தரையில் சொட்டியது.

"பொங்கிடுச்சு! பொங்கிடுச்சு!" என்று இவர்கள் இருவரும் கூத்தாடினார்கள். அது மட்டும் எனக்கு மேலே வரை கேட்டது. மணி பத்து இருபது.

மதாம் ரோஸ் வாயைத் திறந்தபடி நின்றாராம். சரோஜா கையாலேயே விளக்கம் சொன்னாள். பானையைக் காட்டி, வழிவதைக் காட்டி, வீட்டைக் காட்டி, வயிறு நிறைவதைக் காட்டி, குழந்தையைத் தாலாட்டுவதையும் காட்டினாள். மதாம் பால் வழிந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருஷமாக இந்த அடுப்பில் பால் பொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் திட்டிக்கொண்டே துடைத்தேன். அது நல்ல சகுனம் என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லையே!"

லலிதா சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாளாம். ஜனவரியிலிருந்து தேக்கி வைத்திருந்த சிரிப்பு அத்தனையும் மொத்தமாக வந்தது என்பாள் சரோஜா.

"ஆனா இது மேல நம்ம வீட்டுல காய்ச்சினது இல்லையே லலிதா..." என்று வாசலில் நின்ற ராகவன் மெதுவாக இழுத்தார்.

"கீழ என்ன, மேல என்ன, ஒரே செவுரு தானே? எல்லாம் நம்ம வீடுதான்" என்றாள் லலிதா. டிக்கெட் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

சர்க்கரை போட்ட பால் எல்லோருக்கும் போயிற்று. ரெஜான் தன் பங்கைக் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளரை அடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி எனக்குக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு "மெர்சி" என்று நன்றி சொன்னேன். சற்று முன்பு அவரைத் திருடன் என்று நினைத்தவன் வேறு என்ன சொல்வது? பத்தரை மணிக்கு அடுப்பின் கதவைக் கழற்றினார்கள். எமகண்டம் தொடங்கிய நேரத்தில், சரியாக, நான் கீழே இறங்கினேன்.

ராகவனுக்குப் பழைய அடுப்பு ஒன்று அமைய ஒன்பது நாள் ஆயிற்று. அதுவரை லலிதா மதாமின் சமையலறையில்தான் ரசம் வைத்தாள். இரண்டு வருஷத்தில் அவள் பிரெஞ்சு, என் பிரெஞ்சைவிட நூறு மடங்கு நன்றாக இருந்தது. அந்தக் கட்டடத்துக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் மதாம் ரோஸ் பாலோடு படியேறிப் போய், அவர்கள் அலற அலறப் பொங்கவிட்டுவிட்டு வருவாராம். நமது வழக்கம் ஒன்று ஒரு கியூபெக் அம்மாள் கையில் கிழக்கு மொன்றியலில் பரவியது என்றால், அதற்கு மூல காரணம் யார்? நான்தான். அடக்கமாகச் சொல்வதற்கு இதில் ஒன்றும் இல்லை.

இந்தக் கதை எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. பின்னாட்களில் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் வாடகைக்கு இடம் தேடி வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடமிருந்து நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே பதில் வந்துவிடும்: "ஓம் ஐயா, அடுப்பு இருக்கு. ஆரின்ர அடுப்பு எண்டும் கேட்டிட்டன்." டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் லலிதாவின் மகள் வீடு வாங்கியபோது, பால் பொங்கி முடிந்ததும் லலிதாவே என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, "அண்ணா, இழுக்காம சும்மா நில்லுங்க" என்று சொல்லிப் படம் எடுத்தாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதிலிருந்து அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. எங்கள் கூட்டத்தில் யார் வீடு வாங்கினாலும் ஐயர் வருகிறாரோ இல்லையோ, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க என்னைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். இதுவரை பதினேழு வீடுகளின் ஆல்பங்களில் இருக்கிறேன். பதினேழிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நிற்கிறேன்.